வராதவருக்கு ஒரு பூசை

ஒரே வள்ளத்தில் போன இரண்டு பேரில் ஒருவரை நான் செத்தவர் ஆக்கியிருந்தேன். மற்றவரை ஜெனீற்றா உயிரோடு வைத்திருந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு முன் அது யார் யாருக்காக என்ற கருத்துகளைப் பாதர் வாசிக்கும்போது இது ஊருக்கெல்லாம் கேட்கும். "அம்புறோசின் ஆத்தும இளைப்பாற்றிக்காக, மனைவி மேரிசுகந்தி" என்பார். அதே மூச்சில், "சில்வெஸ்ரரின் சுகத்துக்காகவும் அவர் வீடு திரும்பவும், மனைவி ஜெனீற்றா" என்பார். சனம் தலையைக் குனிந்துகொள்ளும். பின் வாங்கில் இருக்கும் ஆம்பிளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். எனக்குக் காது சுடும்.

அந்த மேரிசுகந்தி நான்தான். அம்புறோஸ் என் புருசன். வள்ளம் எங்களுடையது, இஞ்சின் சில்வெஸ்ரருடையது. பிடிபடுவதில் பாதிப் பாதி. ஊர்காவற்றுறைக் கரையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான் இருந்தது. இரண்டாயிரத்து ஆறு, கார்த்திகை மாதம். சண்டையில் பாதை பூட்டி, அரிசி கண்ணால் காணக் கிடைக்காத காலம். கடலுக்குப் போக விட்டதே பகலில் கொஞ்ச நேரம், அதுவும் கரையோரம். அன்று விடிய இரண்டு பேரும் போனார்கள். மத்தியானம் வாடைக் காற்று மழையோடு பிடித்து அடித்தது. மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன. இவர்களுடையது வரவில்லை. பிறகும் ஒரு எண்ணெய்க் கானோ வலையின் மிதப்போ கூடக் கரை ஒதுங்கவில்லை.

இஞ்சின் நின்றுபோனால் வாடை இந்தியக் கரைப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அப்படிப் போய் அங்கே பிடிபட்டுச் சிறை மறியலில் கிடந்து வந்தவர்கள் எங்கள் கரையிலேயே இருக்கிறார்கள். அதனால் முதல் வருசம் நானும் நம்பினேன். செவ்வாய்க்கிழமை தவறாமல், காணாமல் போனதைத் தேடித் தருகிற அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். இரவில் ஒரு கோப்பை சோறு எடுத்து மூடி வைத்துவிட்டு, காலையில் அதைத் தண்ணீர் ஊற்றி நானே குடித்தேன். ஒருநாள் அந்த மூடியைத் திறக்கும்போது எனக்குக் கடவுள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே. ஒரு மனுசியை இப்படி வாசலில் நிறுத்தி வைக்கிறது என்ன முறை?

அடுத்து வந்த, செத்தவர்களுக்கான ஆத்துமாக்கள் திருநாளுக்கு அவர் பேரைக் கொடுத்துவிட்டேன். கறுப்புச் சட்டை போட்டேன். கல்லறை இல்லாதவர்களுக்காகச் சேமக்காலையின் நடுவில் நிற்கிற பெரிய சிலுவையடியில் மெழுகுதிரி கொளுத்திக் குழறி அழுதேன். அழுது முடித்தபின் உடம்பு இலேசாகிவிட்டது, பொய் சொல்லவில்லை. கோயிலுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஊர் கதைக்கும். ஆனால் பரலோக மந்திரம் சொல்லும்போது ஒரு வரியில் வாயை மூடிக்கொள்வேன். 'உம்முடைய சித்தம் பரலோகத்தில் செய்யப்படுவது போலப் பூலோகத்திலும் செய்யப்படுவதாக' என்ற வரி. செய்ததெல்லாம் போதும் என்று நினைத்துக்கொள்வேன். பக்கத்தில் ஜெனீற்றா அந்த வரியைத்தான் மற்றதெல்லாவற்றையும் விட உரத்துச் சொல்லுவாள்.

என்னைவிட எட்டு ஒன்பது வயது இளையவள் அவள். சட்டை தைத்துப் பிழைத்தாள். சில்வெஸ்ரருக்கு ஒரு மகளையும் பெற்றிருந்தாள். எனக்கு அதுவும் இல்லை. அந்தப் பிள்ளையிடம், "அப்பா இந்தியாவில இருக்கிறார், சண்டை முடிய வருவார்" என்று சொல்லியே வளர்த்தாள். வெளிறின சட்டையை உடுத்தாலும் கறுப்பு உடுத்தவில்லை. அவளைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அவளுடைய நம்பிக்கை வேலிக்கு அந்தப் பக்கம் இரவு பகல் எரிகிற விளக்கு மாதிரி. என்னைத் தூங்க விடாது. அவருக்காக அவள் காத்திருக்கிறாளே, நான் ஏன் என்னுடையவரை இவ்வளவு கெதியாய் விட்டேன் என்ற கேள்வி அந்த வேலிக்குள்ளால் வந்துகொண்டே இருக்கும்.

சண்டை முடிந்தது. வைகாசியில் வெடி கொளுத்தின சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் யாரும் கொளுத்தவில்லை. முகாம்களுக்குள் இருந்து யார் வெளியே வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று வீட்டுக்கு வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தியாவிலிருந்தும் யாரும் வரவில்லை. ஜெனீற்றாவின் மகள் அப்பாவைக் கேட்கிறதை நிறுத்திவிட்டாள்.

ஆவணி மாதம் பாதர் எங்கள் இருவரையும் கோயிலடியில் தான் இருக்கிற அறைவீட்டுக்குக் கூப்பிட்டார். அனலைதீவுக்கு ஒரு நோயாளியைப் பார்க்கப் போன இடத்தில் மார்க்கண்டு என்கிற ஒரு கமக்காரர் அவரை மறித்துக் கதைத்தாராம். சைவக்காரர். மூன்று வருசத்துக்கு முந்தின மாரியில் அவருடைய காணிக் கரையில் ஒரு பிரேதம் ஒதுங்கியதாம். கழுத்தில் மாதா படம் வைத்த துணி கிடந்தபடியால் வேதக்காரன் என்று விளங்கி, எரிக்காமல் தாட்டாராம். அந்தத் துணியைக் கழற்றி வைத்திருக்கிறாராம்.

துணி என்று அவர் சொன்னது உத்தரியத்தை. இரண்டு சின்ன மண்ணிறத் துணித்துண்டு, கயிற்றில் கோத்தது, ஒன்று நெஞ்சிலும் மற்றது முதுகிலும் கிடக்கும். கார்மேல் மாதா திருநாளுக்குப் பாதர் மந்திரித்துக் கொடுப்பார். கடலுக்குப் போகிற எங்கள் ஆம்பிளைகள் அதைக் கழற்றுவதில்லை. அதோடு சாகிறவனை மாதா கைவிடமாட்டா என்பது எங்கள் விசுவாசம். அவன் நரகத்துக்குப் போகமாட்டான் என்றுதான் சொன்னார்கள். வீட்டுக்கு வருவான் என்று யாரும் சொல்லவில்லை.

அந்த மாரியில் எங்கள் கரையில் காணாமல் போனது இவர்கள் இருவர்தான். ஜெனீற்றா எழுந்து போனாள். அடுத்த நாள் நாங்கள் இருவரும் அனலைதீவு வள்ளத்தில் ஏறினோம். சோழகக் காற்று அடித்து வள்ளம் தூக்கிப் போட்டது. அவள் செபமாலையைக் கையில் சுற்றி வைத்திருந்தாள், உருட்டவில்லை.

மார்க்கண்டு அண்ணை கடற்கரைப் பனங்காணியின் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பனைமட்டையைக் குறுக்காகக் கட்டிச் சிலுவை நட்டிருந்தது. ஆடு ஏறாமல் சுற்றிவரக் கருக்குமட்டை அடைத்திருந்தார். மண் மேட்டில் ஒரு சிட்டி விளக்கு, திரி கருகிக் கிடந்தது. அவருடைய மனைவி இராசேஸ்வரி அக்கா கூச்சத்தோடு சொன்னா: "உங்கட முறை எங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமையில ஒரு விளக்கு வைச்சனாங்கள். பிழையெண்டால் குறை நினையாதேங்கோ."

நான் குறை நினைக்கும் நிலையில் இல்லை. ஏன் அப்போதே சொல்லவில்லை என்றுதான் கேட்டேன். அந்த நாளில் பிணத்தைக் கண்டவனும் பதில் சொல்ல வேண்டியிருந்தது, யாரிடம் போய்ச் சொல்ல, என்று மார்க்கண்டு அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். மீன் விட்டு வைக்கவில்லை என்றார். உயரம்? அம்புறோசும் சில்வெஸ்ரரும் ஒரே உயரம்தான், ஒன்றுவிட்ட சகோதரங்கள். உடுப்பு ஒன்றும் இருக்கவில்லையாம்.

இராசேஸ்வரி அக்கா சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்து ஒரு சொப்பிங் பையை எடுத்துக்கொண்டு வந்தா. அதற்குள் உத்தரியம் இருந்தது. துணி வெளிறிப் போயிருந்தது, மாதாவின் முகம் அழிந்துவிட்டது, ஆனால் கயிறு புதுசு போல இருந்தது. கோயிலில் தருகிற கயிறு உப்புத் தண்ணியில் கெதியாய் உக்கிப் போகும். இது வலை பொத்துகிற பச்சை நைலோன் நூல், மூன்று புரியாய்த் திரித்தது. ஜெனீற்றா அதைக் கையில் வாங்கினாள். தையலை நகத்தால் தடவினாள்.

"இது நான் தைச்சது" என்றாள்.

எனக்கு முதலில் வந்தது என்ன என்று மறைக்காமல் சொல்கிறேன். பாவம் என்று வந்தது. அதற்கு அடியிலேயே, இனி இவளும் என்னைப் போலத்தான் என்று ஒரு நிம்மதியும் வந்தது. நான் அவளைக் கட்டிப் பிடிக்கக் கையை நீட்டினேன். அவள் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அம்புறோஸ் அண்ணையின்ரயும் நான்தான் தைச்சனான்."

அப்போதுதான் நினைவு வந்தது. அந்த வருசம் ஐப்பசியில் இவருடைய உத்தரியக் கயிறு அறுந்தது. எனக்கு ஊசி பிடிக்க வராது என்று அவர் அதை வேலிக்கு மேலால் ஜெனீற்றாவிடம் கொடுத்தார். அவள் சில்வெஸ்ரருடையதையும் பிரித்து, இரண்டையும் ஒன்றாய்த் தைத்துக் கொடுத்தாள். நான் அவள் கையிலிருந்து அதைப் பறித்தேன். ஒரு கறை, ஒரு முடிச்சு, ஒரு வித்தியாசம், ஏதாவது இருக்க வேண்டுமே என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இவருடையதில் என்ன செய்தாய், அவருடையதில் என்ன செய்தாய், சொல்லு, என்று அவளை உலுக்கினேன்.

"ஒரே துணி, ஒரே நூல், அக்கா. என்ர மனுசனுக்கு நல்லதாயும் உங்கட மனுசனுக்குக் குறைவாயும் தைச்சிட்டன் எண்டு ஒரு நாளும் நீங்கள் நினைக்கக் கூடாதெண்டு, பாத்துப் பாத்து ஒரே மாதிரித் தைச்சனான்."

ஒரு மனுசியின் நல்ல மனசு இப்படியும் ஒருநாள் வந்து கழுத்தைப் பிடிக்குமா? கொஞ்சம் ஓரவஞ்சகம் செய்திருந்தால், ஒரு தையல் கூடக் குறையப் போட்டிருந்தால், இங்கே கிடப்பது யார் என்று தெரிந்திருக்கும்.

தோண்டுவோம் என்றேன். மார்க்கண்டு அண்ணை மண்வெட்டியை எடுக்கப் போகவில்லை. எலும்பில் என்னத்தைப் பார்த்து அறியப் போகிறீர்கள் பிள்ளை என்று மெதுவாய்க் கேட்டார். கொழும்பில் அதற்கெல்லாம் பரிசோதனை இருக்கிறது என்று பாதர் சொல்லியிருந்தார். ஆனால் மனு போட்டால், இந்த மனிதர் ஏன் மறைத்தார் என்றுதான் முதல் கேள்வி வரும். யாரோ ஒரு வேதக்காரனுக்கு மூன்று வருசம் விளக்கு வைத்த வீடு. அந்த வீட்டு வாசலில் அப்படி ஒரு கேள்வியைக் கொண்டுபோய் விட என்னால் ஏலவில்லை. ஜெனீற்றாவாலும் ஏலவில்லை.

உத்தரியத்தை மண்ணுக்குள் கிடக்கிறவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். வேதக்காரன் அதோடுதான் அடக்கமாக வேண்டும். ஆட்கள் தேடி வந்தால் காட்ட வேண்டுமே என்று நல்லெண்ணத்தில்தான் அவர்கள் கழற்றியிருந்தார்கள். அவளும் நானும் தலைமாட்டில் கையால் மண்ணைக் கிளறி அதை வைத்து மூடினோம். செபம் சொல்ல இரண்டு பேரும் முழங்காலில் நின்றோம். ஒருவருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் இராசேஸ்வரி அக்காதான் விளக்குக்கு எண்ணெய் விட்டுக் கொளுத்தினா.

திரும்பி வரும்போது வள்ளத்தில் எனக்கு ஒன்று நடந்தது. இரண்டு வருசமாய்ச் செத்துக் கிடந்த நம்பிக்கை எழும்பி நின்றது. அங்கே கிடப்பது சில்வெஸ்ரர் என்றால், என்னுடையவர் எங்கோ இருக்கலாம். ஏதோ ஒரு மறியலில், ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில், பேர் மறந்துபோய். கறுப்புச் சட்டை மேலில் பட்டு எரிந்தது. அந்தோனியாரே என்று தொடங்கிவிட்டேன். அந்தோனியாரே, அது சில்வெஸ்ரராய் இருக்கட்டும்.

அந்தச் செபம் முடியும் முன்பே ஜெனீற்றா தலைசுற்றி என் தோளில் சாய்ந்தாள். அவளுடைய தலைப்பாரம் என் மேல் இருந்தது. நான் இப்போதுதான் அவளுடைய புருசனைச் சாகச் சொல்லிக் கேட்டிருந்தேன். அவளுடைய மகளின் தகப்பனை. கேட்டதைத் திருப்பி எடுக்க ஒரு செபம் இருக்கிறதா என்று யோசித்தேன். சரி, அது அம்புறோசாய் இருக்கட்டும் என்று கேட்கலாம். அதற்கும் நாக்கு எழும்பவில்லை.

ஊர்காவற்றுறை வெளிச்சவீடு தெரிந்த பிறகு அவள் தலையை எடுக்காமலே பேசினாள்.

"அக்கா, நான் உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும். அங்க முழந்தாளில நிக்கேக்க, அது அம்புறோஸ் அண்ணையாய் இருக்கட்டும் எண்டு கேட்டிட்டன்."

"தெரியும்" என்றேன். "நானும் கேட்டனான். மற்றப் பக்கமாய்."

அவள் அழத் தொடங்கினாள். மூன்று வருசத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். மூன்று வருசமாய்த் தான் கேட்டதெல்லாம் விசுவாசம் என்று நினைத்திருந்தாளாம். இன்றைக்குத்தான் அதில் பாதி ஆசை என்று தெரிந்ததாம். இனி எதைக் கேட்பது, எதைக் கேட்டாலும் ஒருவருடைய குடி கெட்டுப்போகுமே என்றாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைக்க எனக்கு விருப்பமில்லை. காத்திருப்பது எப்படி என்று நான் மறந்துபோயிருந்தேன். அது திரும்ப வந்து என்னைத் தின்றது. இரவில் படலைச் சத்தம் கேட்டால் எழும்பி இருப்பேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவளும் எழும்பி இருப்பது எனக்குத் தெரியும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூசினோம். ஆனால் பாதி வேலியைக் கறையான் அரித்து விழுத்தியபோது ஒருவரும் திருப்பிக் கட்டவில்லை. ஒரே அடுப்பில் சமைக்கத் தொடங்கினோம். அவளுடைய மகள் இரண்டு வீட்டிலும் படுத்தாள்.

ஐப்பசி முடியும்போது ஆத்துமாக்கள் திருநாளுக்குப் பேர் கொடுக்கச் சொல்லிப் பாதர் அறிவித்தார். அறைவீட்டுக்கு இருவரும் சேர்ந்தே போனோம். பாதர் என்னைப் பார்த்து, வழக்கம்போல அம்புறோஸ்தானே என்று கேட்டார். இல்லை என்றேன். ஜெனீற்றாவைப் பார்த்து, சில்வெஸ்ரரா என்று மெல்லக் கேட்டார். அவளும் இல்லை என்றாள். அவருக்கு விளங்கவில்லை. பிறகு அவள் சொன்னாள்.

"பேர் வேண்டாம் பாதர். அனலைதீவில கிடக்கிறவற்ற ஆத்துமத்துக்கு ஒரு பூசை. வராதவருக்கு ஒரு பூசை. ஆர் எவர் எண்டு எங்களுக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிஞ்சால் காணும்."

"காணுமா?" என்று பாதர் என்னிடம் கேட்டார். காணாது, அது போதாது என்றுதான் சொல்ல வாய் எடுத்தேன். எனக்குத் தெரிய வேண்டும், இன்றைக்கே தெரிய வேண்டும். ஆனால் தெரிந்தால் எங்கள் இருவரில் ஒருத்தி முடிந்துபோவாள் என்பதும் எனக்குத் தெரியும். எழுதுங்கோ பாதர் என்றேன்.

திருநாளன்று கோயில் நிறைந்திருந்தது. மழை இருட்டு. அந்த வருசம் செத்தவர்களின் பேர் வாசித்து முடியவே வெகு நேரம் பிடித்தது. கடைசியில் பாதர் எங்கள் இரண்டு கருத்தையும் பேர் இல்லாமல் வாசித்தார். பின் வாங்கில் ஒரு சத்தமும் இல்லை. யாருக்கு எது என்று ஊருக்கும் தெரியாது.

பரலோக மந்திரம் வந்தது. எல்லோரும் தொடங்கினார்கள். 'உம்முடைய சித்தம்' என்ற அந்த வரி வரும்போது நான் பழக்கத்தில் வாயை மூடினேன். அப்போது பக்கத்தில் ஜெனீற்றாவின் குரலும் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தேன். அவளுடைய உதடு துடித்ததே தவிரச் சொல் வரவில்லை. மூன்று வருசம் உரத்துச் சொன்ன அந்த வரியைச் சொல்ல அவளால் ஏலாமல் போய்விட்டது.

கோபம் எனக்குப் போகவில்லை, இன்றைக்கும் போகவில்லை. ஆனால் ஒன்று விளங்கியது. யாரையும் சாகடிக்காமல் நான் கேட்கக்கூடியது இந்த உலகத்தில் இந்த ஒரு வரிதான். மற்ற எல்லாச் செபமும் இவளுக்கு எதிராய்ப் போகும். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். சனம் அடுத்த வரிக்குப் போய்விட்டது. நான் பிந்திப்போய், தனியாக, எங்கள் இருவருக்குமாக அதைச் சொன்னேன்.